மூன்றாம் படத்தில் காட்டியபடி

தேதி போனால் எல்லாம் போச்சு. நவநீதனுக்கு அது தெரிந்திருந்தது, கோகிலம் மேடத்துக்கும் தெரிந்திருந்தது, தெரிந்தும் அந்தம்மா காகிதத்தை அவன் பக்கம் திருப்பி வைத்து, அடியில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு, "இங்க கையெழுத்துப் போட்ரு கண்ணு, வீட்டுக்குப் போயி ரண்டு வாய் தின்னுட்டு வந்தர்றேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார். ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல், வெயிலை நேராக வாங்கிக்கொள்கிற ஒற்றை அறை. வெளியே 'பேட்டன்ட் ஏஜென்ட்' என்று போர்டு. போர்டைப் பார்த்து அம்மா முதல் நாள் கேட்டாள், ஏன்டா இது எல்.ஐ.சி. ஏஜென்ட்டு மாதிரியா என்று. கிட்டத்தட்ட அப்படித்தான் என்றான், செத்தால் பணம் வராது, அவ்வளவுதான் வித்தியாசம். இப்போது செத்துக்கொண்டிருப்பது அவன் செய்த சந்தகை மெஷினுக்கான விண்ணப்பம். டெல்லியோ சென்னையோ, எங்கேயோ இருக்கிற ஆபீஸிலிருந்து வந்த நோட்டீசை மேடம் படித்துக்காட்டி, பிறகு தமிழில் பிட்டுப் பிட்டு வைத்தார்: முதல் படம், இரண்டாம் படம், மூன்றாம் படம் என்று எழுத்தில் வாய்நிறையச் சொல்லியிருக்கிறீர்கள், ஒரு படமும் எங்களுக்கு வரவில்லை. இப்போது கொடுத்தால் வாங்கிக்கொள்கிறோம், ஆனால் கொடுக்கிற நாள்தான் உங்கள் தேதி. பழைய தேதிதான் வேண்டுமென்றால் படம் என்று வருகிற இடத்தையெல்லாம் அடித்துவிட்டு வெறும் எழுத்தோடு நில்லுங்கள். மேடம் முதலாவதைப் பிடித்துக்கொண்டார், கையெழுத்துக் கேட்கிற காகிதம் அதற்குத்தான். படமில்லாத பேட்டன்ட் நிற்காது என்கிறார். நின்றால் என்ன, விழுந்தால் என்ன, புதுத் தேதி வாங்கினால் அது பாத்திரக்கடை அங்கமுத்து அந்த மெஷினைப் பிடித்த வீடியோவுக்குப் பின்னால் வரும், அப்புறம் அங்கமுத்து சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு கேட்பான், ஊரே பார்த்த சாமானுக்கு என்ன மாப்ள உரிமை என்று. ஃபேன் சுற்றுகிறது, காற்று வரவில்லை. பேனா மூடியைக் கழற்றினான், மாட்டினான். படங்கள் மேசையில்தான் கிடக்கின்றன, மூன்று தாளும், நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்து.

மஞ்சள் வைத்தது அம்மா. அங்கேதான் எல்லாம் கெட்டது. சரஸ்வதி பூஜை அன்று காலையில் அவன் குளிக்கப் போன நேரத்தில், மேடம் ஆள் வைத்து வரைந்து கொடுத்த மூன்று படத்தையும் எடுத்து, மூலைக்கு மூலை மஞ்சள் தொட்டு, அவன் தம்பியின் புத்தகங்களுக்கு மேல் வைத்து, அதற்கு மேல் பொரித் தட்டை வைத்து, சாம்பிராணி போட்டுவிட்டாள். பக்கத்தில், இடியாப்பம் போலச் சந்தகை பிழிகிற அந்த மெஷின், அதன் நெற்றியில், மெஷினுக்கு நெற்றி எது என்று கேட்டால் அம்மாவுக்குத் தெரியும், சந்தனம் குங்குமம். துண்டோடு வந்தவன் கை நீட்டினான். "தொடாதறா." அம்மா சொன்னால் சொன்னதுதான். "அம்மா, இன்னிக்கு மேடம் கம்ப்யூட்டர்ல ஏத்தணும்." "பூஜையில வெச்சத நாளைக்குக் காலைல பூ எடுத்துட்டுத்தான் தொடணும், படிக்கற பையனுக்கு இதுகூடத் தெரியாதா?" "நான் படிக்கறதே இல்லியே, பதினொண்ணாவதுலயே நின்னுட்டனே." "அதனாலதான் இப்படி நிக்கறே, போயி இட்லி தின்னு." ஒரு போட்டோவாவது எடுக்கிறேன் என்று செல்போனைத் தூக்கினான், தட்டை நகர்த்தாமல் படம் தெரியாது, தட்டை நகர்த்த அம்மா விடமாட்டாள், அவள் பூஜைக்கு முன்னால் முட்டியை மடக்கி உட்கார்ந்துவிட்டாள், கடலை உடைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள், மதியம் அங்கேயே படுத்தும்விட்டாள். சாமி நம்பிக்கை எனக்கெல்லாம் இல்லை என்று லேத் பட்டறை சலாவுதீன் அண்ணனிடம் வாய் கிழியப் பேசுகிறவன், அவள் தூங்கும்போது எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. சரஸ்வதிக்குப் பயந்தா, அம்மாவுக்குப் பயந்தா, அது அவனுக்கே பிடிபடவில்லை. சாயங்காலம் மேடத்துக்குப் போன் போட்டான், படம் நாளைக்குத்தானுங்க வரும். மேடம் கொஞ்சம் யோசித்து, சரி கண்ணு, எழுத்து மட்டும் இன்னைக்குப் போட்டு நாளைப் புடிச்சு வெச்சுக்கறேன், படத்த அப்புறம் சேத்திக்கலாம் என்றார், அந்த அப்புறம் நோட்டீஸ் வரும்வரை வரவேயில்லை. ஒருநாள் தள்ளிப் போடலாமே என்று யாரும் சொல்ல முடியாது, ஏனென்றால் மறுநாள் தசமி, கவுந்தப்பாடி மண்டபத்தில் வளைகாப்பு, அம்மா முன்பே ஒப்புக்கொண்ட சந்தகை, ஒறம்பரை, சொந்தபந்தக் கூட்டமே முன்னால் நிற்கும், மெஷினை மூடி வைத்துப் பிழிய முடியுமா?

மூடி வைத்திருக்கலாமோ. ஒரு வேட்டியையாவது போர்த்தியிருக்கலாமோ. அன்றைக்கு அந்த யோசனை எங்கே போனது? அன்றைக்கு அவனுக்குத் தலைகால் புரியவில்லை, அதுதான் உண்மை. வெந்த மாவு ஆவி பறக்க வந்தது, அம்மா ஒருத்தி, ஒரே ஒருத்தி, மெஷின் முன்னால் நின்றாள். மற்ற வீடுகளில் சந்தகை பிழிவதென்றால் அது ஒரு சண்டை. ஒருத்தர் மேலே கைப்பிடியைச் சுற்ற வேண்டும், மாவு ஆறுவதற்குள் சுற்ற வேண்டும், இன்னொருத்தர் கீழே தட்டைப் பிடித்து வட்டமாக நகர்த்த வேண்டும், இல்லாவிட்டால் நூல் ஒரே இடத்தில் கும்பலாக விழுந்து கட்டிக்கொள்ளும். அப்பா போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசத்தில் கிடக்க, இவன் பனியன் கம்பெனிக்குத் திருப்பூர் போன பிறகு, தன் பலகாரக் கடையில் அம்மா ஒரு கையில் சுற்றி, ஒரு கையில் தட்டைத் திருப்பி, முக்காலி கவிழாமல் அதன் ஒரு காலை மிதித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நின்று பிழிவதை ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்தான். பார்த்ததும் பாவமாக இருந்தது என்று சொன்னால் பொய், அவனுக்குக் கோபம் வந்தது, மெஷின் மேல், இதைச் செய்தவன் மேல், இதைச் செய்தவன் வீட்டில் எப்போதும் இரண்டு பேர் இருந்திருப்பார்கள் என்று. மேலே சுற்றுவதுதான் சுற்றுகிறது, அதே சுற்று கீழே தட்டையும் சுற்றினால் என்ன கெட்டுப்போகும்? அவ்வளவுதான் அவன் யோசனை. அதைத்தான் வளைகாப்பு மண்டபத்தில் எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்தார்கள். அம்மா மேலே சுற்றினாள், தட்டு கீழே தானாகத் திரும்பியது, நூல் பூப்போல வட்டம் வட்டமாக விழுந்தது. ஒரு பெரியம்மா, "ஏனுங் தனபாக்கியம், பேய் கீய் புடிச்சிருக்குதா உங்க மெசினுக்கு?" என்று கேட்க, அம்மா, "ஆமாங்க்கா, என்ற மவன்தான் அந்தப் பேய்" என்றாள். அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் அங்கமுத்து செல்போனைத் தூக்கிப் பிடித்தான். நவநீதன் பார்த்தான். பார்த்து, வெட்கமில்லாமல், வீடியோவுக்குச் சிரித்தான். இப்போது அங்கமுத்து கடை வாசலில் அதே மாதிரி ஒன்று தொங்குகிறது, பச்சைப் பெயின்ட் அடித்து. கேட்டதற்கு, "மாப்ள, நல்லதுன்னா நாலு பேருக்குப் போவணும்ல" என்கிறான். அந்த நாலு பேரில் நான் எத்தனையாவது ஆள் மாமா என்று கேட்க வாய் வரை வந்தது.

கையெழுத்துப் போட்டால் அங்கமுத்துவைத் தொடவே முடியாது. போடாவிட்டால் படமில்லை. படமில்லாவிட்டால் நிற்காது என்கிறார் மேடம், மேடம் முப்பது வருஷமாக இதையே செய்கிறவர், இவன் பதினொன்றாவது பாதி. படத்தை எடுத்துப் பார்த்தான். அழகாகத்தான் இருக்கிறது, கோடு மயிரிழை மாதிரி, ஒவ்வொரு பாகத்துக்கும் அம்புக்குறி, எண். படம் வரைந்து பாகங்களைக் குறி. ஐயோ, அந்தக் கேள்வி. எந்தப் பரீட்சையிலும் அவனை விடாமல் துரத்திய கேள்வி. அவனுக்குக் கோடு வராது, வட்டம் வராது, கண் நினைத்ததைக் கை கேட்காது. படத்துக்கு விட்ட இடத்திலெல்லாம் எழுதி வைப்பான், இதயத்தில் நாலு அறை, மேலே இரண்டு, கீழே இரண்டு, கெட்ட ரத்தம் இந்தப் பக்கம் வந்து இப்படிப் போகும் என்று. சயின்ஸ் மிஸ் அத்தனையையும் சுழித்து முட்டை போடுவார். ஒருமுறை மட்டும் வரைந்தான். "நவநீதா, இது அமீபாவா தோசையா?" "மிஸ், அமீபாவுக்கு உருவமே கெடையாதுன்னு நீங்கதான சொன்னீங்க?" வகுப்பு சிரித்தது, அவன் வெளியே நின்றான். வெளியே நிற்பதும் நன்றாகத்தான் இருந்தது, சத்துணவுக் கூடத்துப் பக்கமிருந்து தாளிக்கிற வாசம் வரும். அப்படி நின்று நின்றுதான் ஒருநாள் உள்ளே போகாமலே விட்டுவிட்டான். இப்போது பார், மறுபடியும் அதே கேள்வி, இந்தமுறை கேட்பது கவர்மென்ட்டு. படம் எங்கே? சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் போய்விட்டது. மேடம் வைத்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலைத் தூக்கி அண்ணாந்து குடித்தான், சட்டையில் கொஞ்சம் சிந்தியது. சரி. சரி இரு. படம் இல்லாமல் நிற்குமா நிற்காதா என்று எதற்கு இன்னொருத்தரைக் கேட்க வேண்டும், எழுத்து இங்கேதானே இருக்கிறது. படங்களைத் தூக்கி மேசை டிராயருக்குள் போட்டு மூடினான். விண்ணப்பத்தின் நகலை எடுத்தான். இங்கிலீஷ். இருந்தால் என்ன, சாமான் அவனுடையது, அவன் சாமானைப் பற்றி இங்கிலீஷ் என்ன புதிதாகச் சொல்லிவிடும்? விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாக நகர்ந்தான், மனதுக்குள் தமிழாக்கிக்கொண்டே, படம் என்று வந்தால் விரலைத் தூக்கித் தாண்டி வைத்து. இந்த மெஷினைப் பார்த்தே இராத ஒருத்தன், வட நாட்டான், சந்தகை என்றால் என்னவென்றே தெரியாதவன், இதை வைத்துச் செய்துவிட வேண்டும். அந்த ஆளாக உட்கார்ந்து படித்தான்.

முக்காலி. கண்ணுக்குள் வந்தது. மாவு போடுகிற நாழி, அதற்குள் இறங்குகிற திருகாணி, உச்சியில் கைப்பிடி, வந்தது, இது எல்லா மெஷினிலும் உள்ளதுதான். திருகாணியின் நீளத்துக்கு மேலிருந்து கீழ்வரை ஒரு பள்ளம், வந்தது, மனசுக்குள் சலாவுதீன் அண்ணனின் லேத்தில் இரும்புத்தூள் சுருள் சுருளாக விழுகிறது. திருகாணியைச் சுற்றி ஒரு வளையம், வளையத்தின் உள்பக்கம் ஒரு பல், பல் பள்ளத்தில் உட்காரும், அதனால் திருகாணி சுற்றினால் வளையமும் சுற்றும், வந்தது, சுற்றுகிறது, இதோ கண்ணுக்குள் சுற்றுகிறது. வளையத்திலிருந்து கயிறு, பக்கத்துக் கம்பிக்கு, கயிறு எட்டு மாதிரி ஒருமுறை குறுக்கே போகும், அப்போதுதான் மாவுத் தண்ணீர் பட்டாலும் வழுக்காது. கம்பி அடியிலிருந்து இன்னொரு கயிறு தட்டுக்கு. தட்டு சுற்றுகிறது. இல்லை, இரு, எதையோ தாண்டிவிட்டான். திரும்பி வந்தான். திருகாணி சுற்றச் சுற்றக் கீழே இறங்கும். வளையமும் கூடவே இறங்கினால் கயிறு கழன்றுவிடும், கழன்றால் தட்டு நின்றுவிடும், தட்டு நின்றால் இது பழைய மெஷின், அம்மா பழையபடி ஒற்றைக் காலில். வளையம் இறங்கக் கூடாது. அதில்தான் உயிரே இருக்கிறது. விரல் அந்த வரிக்கு வந்தது: வளையம் மூன்றாம் படத்தில் காட்டியபடி ஒரே உயரத்தில் நிறுத்தப்படுகிறது. தாண்டினான். வளையம் ஒரே உயரத்தில் நிறுத்தப்படுகிறது. எதனால்? யார் நிறுத்துகிறார்கள்? மறுபடி படித்தான். நிறுத்தப்படுகிறது. வட நாட்டான் மண்டையைச் சொறிகிறான். வளையம் அவன் மனசில் மெல்ல இறங்க ஆரம்பித்தது, கயிறு தொய்ந்தது, தட்டு நின்றது, நூல் கும்பலாக விழுந்து கட்டியது. அங்கமுத்து சிரிக்கிறான். பனியன் கம்பெனி சூப்பர்வைசர் சிரிக்கிறான், வந்துட்டியா சயின்டிஸ்ட்டு, அந்த மூட்டையத் தூக்கு. பெருக்கல் குறி போட்ட காகிதம் அப்படியே கிடக்கிறது, போட்டுத் தொலை, மேடம் சொன்னால் சரியாகத்தான் இருக்கும், படிக்காதவனுக்கு எதற்கு வீம்பு என்றது ஒரு குரல். அது மிஸ் குரலா அவன் குரலா தெரியவில்லை. அப்புறம் இன்னொன்று தோன்றியது, கோபமாகத்தான் தோன்றியது: அப்படியானால் சலாவுதீன் அண்ணன் எந்தப் படத்தைப் பார்த்துச் செய்தார்?

எந்தப் படத்தையும் இல்லை. படம் வரைந்ததே மெஷின் வந்த பிறகுதான். அண்ணன் கவுந்தப்பாடியில் லேத்தில், இவன் திருப்பூரில் ஹாஸ்டல் மொட்டை மாடியில், ஒரு காதைப் பொத்திக்கொண்டு, பக்கத்துச் சாயப்பட்டறை இரைச்சலில் தொண்டை கிழியக் கத்திக் கத்தியேதான் அந்த மெஷின் உருவானது. "அண்ணா, திருகாணி எறங்கோணும், வளையம் எறங்கக் கூடாது." "எறங்காம அந்தரத்துல நிக்க அது என்னடா, மேஜிக் ஷோவா?" "மேல ஒரு தகடு, கீழ ஒரு தகடு, ரண்டயும் சட்டத்தோட வெல்டு அடிங்க, நடுவுல வளையம்." "கேக்கல." "தகடுண்ணா, தகடு! பன்னு! பன்னுக்கு நடுவுல ஜாம்!" "அட, ஜாம் மாதிரியா? அத மொதல்ல சொல்றதுக்கென்ன?" அவ்வளவுதான். அடுத்த ஞாயிறு போனால் மெஷின் நின்றுகொண்டிருந்தது, சுற்றியது. ஆக எழுத்துகூட இல்லாமல், வெறும் சத்தத்தில், ஒருத்தர் செய்துவிட்டார். நவநீதன் எழுந்துவிட்டான். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. மேடத்திடமும் இதே ஜாமைச் சொன்னானே, இதே அறையில், அவர் தட்டச்சு செய்ய இவன் நடந்துகொண்டே சொல்ல, அவர் கண்ணாடியை இறக்கி, "ஜாம்னெல்லாம் எழுத முடியாது கண்ணு" என்று சிரித்து, என்னமோ அடித்தாரே, நீளமாக அடித்தாரே. அது எங்கே? இந்தப் பத்தியில் இல்லை. அடுத்த பக்கத்தில் இல்லை. அடித்துவிட்டு அழித்துவிட்டாரோ? தாளைப் புரட்டினான், விரலில் எச்சில் தொட்டுப் புரட்டினான், கடைசிக்கு வந்தான், எனக்கு உரிமை வேண்டும் என்று எண் போட்டுக் கேட்கிற பக்கம், அதில் நடுவில், ஒரு வரி, இரண்டு வரி, விரல் நின்றது. மேலே ஒரு தகடு. கீழே ஒரு தகடு. இரண்டும் சட்டத்தோடு பற்றவைக்கப்பட்டவை. வளையம் அவற்றுக்கு இடையில் சுழலும், ஏறாது, இறங்காது. படம் என்ற பேச்சே அந்த வரியில் இல்லை. ஒருமுறை படித்தான். சத்தமாகப் படித்தான், இங்கிலீஷை, தப்பும் தவறுமாக, கீழே ஜவுளிக்கடைக்குக் கேட்டாலும் கேட்கட்டும் என்று. மனசுக்குள் இறங்கிப் போன வளையம் ஏறி வந்து இரண்டு தகட்டுக்கு நடுவில் உட்கார்ந்தது. கயிறு விறைத்தது. தட்டு சுற்றியது. வட நாட்டான் முன்னால் நூல் வட்டம் வட்டமாக விழுந்தது, அவன் என்னவென்றே தெரியாமல் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு தலையை ஆட்டினான். நவநீதனுக்கு ஆட வேண்டும் போல இருந்தது. மூன்று தப்படிக்கு மேல் இடமில்லாத அந்த அறையில் ஆடினான் என்றே சொல்லலாம்.

மேடத்துக்குப் போன் போட்டான். "போட்டுட்டியா கண்ணு?" வாயில் சோறு. "இல்லீங் மேடம். படம் வேண்டாமுங். தேதிதானுங் வேணும்." "உனக்கென்ன கிறுக்கா? படமில்லாம வளையம் எப்படி நிக்குதுன்னு எவனுக்குப் புரியும்? பாதி வெளக்கம் மூணாம் படத்துலதான் இருக்குது." "கடைசிப் பக்கம், அஞ்சாம் நம்பருங்." படித்தான். முழுதாகப் படித்தான். அந்தப் பக்கம் மெல்லுவது நின்றது. "இன்னொருக்கா படி." படித்தான். "இத நானா எழுதுனேன்?" "நீங்கதானுங். நாஞ் சொன்ன ஜாமுங் அது." மேடத்துக்குப் புரையேறியது, தண்ணீர் குடிக்கிற சத்தம், அப்புறம் சிரிப்பு, வயசுக்குப் பொருந்தாத, பள்ளிக்கூடத்துப் பிள்ளைச் சிரிப்பு. "அட பாவி. நான் எழுதி நானே மறந்துட்டேன். ஆனா கண்ணு, அடிச்சா அடிச்சதுதான். அந்தப் படம் அப்புறம் எந்தக் காலத்துக்கும் உள்ள வராது. நாளைக்கு அங்கமுத்து வக்கீல் வெச்சு வந்தா, இந்த எழுத்து மட்டுந்தான் உனக்கு." "அது போதுமுங்." "போதுமா போதாதான்னு நான் வந்து ஒவ்வொரு வரியா பாக்கறேன். அவசரப்படாத. ஒண்ணுலயும் கோடு போடாத. நான் மோர் ஊத்தி ரண்டு வாய் தின்னுட்டு ஓடி வந்தர்றேன், அதுவரைக்கும் கையக் கட்டிட்டுச் சும்மா உக்காரு, கேட்டுதா?" கேட்டதுங் என்றான். போனை வைத்தான். நகலை முதல் பக்கத்துக்குத் திருப்பினான். முதல் படம் என்று வந்த இடத்தில் பேனாவை வைத்து இழுத்தான், கோடு கோணலாகத்தான் போனது, போகட்டும், பக்கத்தில் தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டான். இரண்டாம் படம் வந்த இடமெல்லாம் இழுத்தான். ஒவ்வொரு கோட்டுக்கும் அங்கமுத்துவின் பச்சைப் பெயின்ட் கொஞ்சம் கொஞ்சமாக உரிந்தது. மூன்றாம் படத்துக்கு வந்தபோது கீழே படியில் செருப்புச் சத்தம் கேட்டது, வேகமாக ஏறி வருகிறார், மூச்சு வாங்குகிறது, மோர் சாப்பிட்டாரோ இல்லையோ. 'மூன்றாம் படத்தில் காட்டியபடி' என்பதன் குறுக்கே, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி, ஒரே இழுப்பு இழுத்தான். கையைக் கட்டிக்கொண்டு சும்மா உட்காரு என்றுதான் சொல்லியிருந்தார்.